கையுறை போடாத பாதுகாப்பு அதிகாரி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா நல்ல சுகம், நான் வலது கையைத் தவிர மத்தபடி சுகம், நீ முழுசா சுகமா இருக்கணும். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கேன்னு பயந்துடாதே, ரெண்டு விரல்ல பிளாஸ்திரி, அவ்வளவுதான்.

உன் அறையில நீ விட்டுட்டுப் போன கள்ளிச்செடி விஷயம் இது. மூணு வாரமா அது ஒரு பக்கமா சாய்ஞ்சுக்கிட்டே வந்துது, வெயிலைத் தேடுதுன்னு நான் அம்மாவுக்குப் பாடம் எடுத்துக்கிட்டிருந்தேன். போன வாரம் தொட்டுப் பார்த்தா தொட்டி மண்ணு சேறு மாதிரி இருக்கு. சரி, தொட்டியை மாத்திடுவோம்னு பால்கனியில உக்காந்தேன். கையுறை போட்டுக்கிட்டீங்களான்னு அம்மா உள்ளேருந்து கேட்டா. முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலை வாசல்ல நின்னு, கையுறை இல்லாம வந்தவங்களை எல்லாம் திருப்பி அனுப்பின பாதுகாப்பு அதிகாரிகிட்ட கேக்குற கேள்வியா அது? ஒரு சாண் செடிக்கு எதுக்கும்மா அதெல்லாம்னு சொல்லிட்டு வெறும் வலது கையால பிடிச்சு இழுத்தேன். செடி வந்துடுச்சு, ஆனா என் கையை விடல. பெரிய முள்ளாவது கண்ணுக்குத் தெரியும், அதுக்கு அடியில பூனைமுடி மாதிரி பொடிமுள் இருக்கே, உள்ளங்கை பூரா ஏறிடுச்சு. துடைச்சா போயிடும்னு சட்டையில துடைச்சேன், வயித்துலயும் ஏறிடுச்சு.

அம்மா ஒட்டுற டேப்பை அழுத்தி அழுத்திப் பிச்சு எடுத்தா, மிச்சத்தை என் மூக்குக்கண்ணாடியை வெச்சுக்கிட்டு இடுக்கியால எடுத்தா. கடைசியா, தொழிற்சாலையில விபத்துப் படிவத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல என்ன எழுதுவீங்கன்னு கேட்டா. பெரும்பாலும் அலட்சியம்னுதான் எழுதுவேன்னு சொன்னேன். அதையே எழுதிக்குங்கன்னு எழுந்து போயிட்டா.

அப்புறம்தான் தெருமுனை நர்சரிக்காரரைக் கூட்டிட்டு வந்தேன். அவர் தடித்த தோல் கையுறை போட்டுக்கிட்டு, செய்தித்தாளைப் பட்டையா மடிச்சு, செடியோட இடுப்புல பெல்ட் மாதிரி சுத்தித் தூக்கினார், ஒரு முள்ளும் அவரைத் தொடல. கறுத்துப்போன வேரை வெட்டிட்டு ஒரு வாரம் நிழல்ல காய வெக்கச் சொன்னார். எத்தனை நாளைக்கு ஒருதடவை தண்ணின்னு கேட்டார். பதினஞ்சு நாளைக்குன்னு சொல்லி முடிக்கல, தினமும் ஊத்துறார்னு அம்மா போட்டுக் கொடுத்துட்டா.

உண்மைதான்டா கண்ணு. மாசம் ரெண்டு தடவை போதும்னு நீ எழுதி ஒட்டிட்டுத்தான் போனே. காலையில எழுந்ததும் உன் அறைக்குப் போவேன், அங்கே செய்ய வேற வேலை இல்ல, அதனால ஊத்துவேன். நல்லா இருக்கட்டும்னு ஊத்தியே வேரை அழுக வெச்சுட்டேன், உன்கிட்ட சொல்லவும் வெட்கமா இருந்துது. பிழைக்குமான்னு அவர்கிட்ட கேட்டேன். பாதி வேர் நல்லா இருக்கு, நீங்க கை வெக்காம இருந்தா பிழைக்கும்னார்.

நேத்து அவரே வந்து ஓட்டை உள்ள தொட்டியில, மணல் கலந்த மண்ணுல நட்டுட்டார். இன்னும் ஒரு வாரத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணி கூடாதாம். குவளையை அம்மா ஒளிச்சு வெச்சுட்டா. காலையில வழக்கம்போல உன் அறைக்கு வந்துட்டேன், வந்து என்ன செய்யறதுன்னு தெரியல, உன் மேஜையில உக்காந்து உனக்கு எழுதிக்கிட்டிருக்கேன்.

உடம்பைப் பார்த்துக்கோ, எந்தக் குறையும் இல்லாம நீ நல்லா இருக்கணும். படிச்சா தலை வலிக்குதுன்னு சொன்னியே, கண் டாக்டர்கிட்ட போறதை இனியும் தள்ளிப் போடாதே.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கும்
அப்பா