பத்தாவது இடம்

5 ஓகஸ்ட் 2025, செவ்வாய். ஹனோவர்

காலை ஒன்பது மணிக்கு ஆயுத அலுவலகத்திலிருந்து இருவர் முன்னறிவிப்பின்றி வந்தார்கள். சட்டப்படி அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. நான் விடுமுறையில் வீட்டில் இருந்தேன். என் மனைவி கமலநாயகி முதியோர் இல்லத்தில் இரவுக் கடமை முடித்து வந்து, குளித்துவிட்டு, தலையைத் துவாயால் சுற்றிக்கொண்டு நின்றாள்.

அவர்களை நிலவறைக்கு அழைத்துச் சென்று இரும்புப் பெட்டகத்தைத் திறந்தேன். இளம் பெண் அலுவலர் ஒவ்வொரு துவக்கின் இலக்கத்தையும் பட்டியலிலிருந்து உரக்க வாசித்தார். உடன் வந்தவர் துவக்கைப் பார்த்துத் தலையசைத்தார். படிக்கட்டில் கமலநாயகி தேநீர்த் தட்டோடு நின்றதை நான் கவனிக்கவில்லை. முடிந்ததும் அந்தப் பெண் மிகுந்த மரியாதையோடு சொன்னார்: ஒன்பதும் சரியாக இருக்கின்றன, உங்களுடைய மஞ்சள் உரிம அட்டையில் இன்னும் ஓரிடம் மிச்சமிருக்கிறது, பத்துக்கு மேல் இல்லை.

ஒன்பது. நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் கமலநாயகிக்குக் கொடுத்த வாக்கு ஆறு.

அவர்கள் போன பிறகு அவள் கோப்பைகளைக் கழுவினாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆறெண்டுதானே சொன்னனீங்கள்?"

என்னிடம் விடை இருந்தது. இரண்டு துவக்குகள் சூட்டுக் கழகப் போட்டிக்கானவை, சேகரிப்பில் சேரா. இன்னொன்று, விற்கவிருந்த ஒன்றுக்குப் பதிலாக வாங்கியது. பழையது இன்னும் விற்பனையாகவில்லை. ஆகவே கணக்கு உண்மையில் ஆறுதான். இவ்வளவையும் ஒழுங்காக, குரல் உயராமல் சொன்னேன். இல்லத்தில் மாத்திரையைக் கைக்குள் பொத்திக்கொண்டு விழுங்கிவிட்டேன் என்று சொல்லும் கிழவர்களை அவள் எப்படிப் பார்ப்பாளோ, அப்படிப் பார்த்தாள். பிறகு படுக்கப் போய்விட்டாள்.

6 ஓகஸ்ட்

கோபம் யார்மேல் என்று தீர்மானிக்க முடியவில்லை. அந்த அலுவலர்மேல் இல்லை என்பது மட்டும் உறுதி.

10 ஓகஸ்ட், ஞாயிறு

மதியச் சாப்பாட்டின்போது அறிவித்தாள். அறிவித்தாள் என்பதே பொருத்தமான சொல். இருநூறு கிலோமீற்றருக்கு அப்பால் வுப்பர்டாலில், அவளுடைய அக்கா புஸ்பவதி இருக்கும் தெருவுக்கு அருகே ஒரு முதியோர் இல்லம். பிரிவுப் பொறுப்பாளர் வேலை. இடம் அவளுக்கே என்று சொல்லிவிட்டார்கள். செப்ரெம்பர் முப்பதுக்குள் பதிலை எழுதித் தபாலில் போட வேண்டும்.

இது மிரட்டலா என்று கேட்டேன்.

"வெருட்டேல்லை. நீங்கள் இன்னொண்டு வாங்குவியளோ இல்லையோ எண்டு பாத்துப்போட்டுப் பதில் எழுதுவன். அவ்வளவுதான்."

ஒரு துவக்குக்காக இருபத்தெட்டு வருட வாழ்க்கையை நிறுத்துப் பார்க்கிறாயா என்றேன். அவள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்: "துவக்கு எனக்கு ஒண்டும் செய்யேல்லை. கீழை ஒரு பெட்டி கிடக்கு. அதின்ரை பூட்டு நம்பர் எனக்குத் தெரியக்கூடாதெண்டு சட்டம், சரி. உள்ளுக்கை எத்தினை கிடக்கெண்டும் எனக்குத் தெரியக்கூடாதோ? அதை ஒரு வெள்ளைக்காரப் பெட்டை வந்து சொல்லோணுமோ?"

எனக்கு ஐம்பத்தாறு வயது. பொறியியலில் பட்டம் பெற்றவன். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடிக்கும் அளவுக் கருவிகளைச் சரிபார்த்து இருபத்தைந்து ஆண்டுகள் சம்பளம் வாங்குகிறேன். என்னைச் சோதிக்க ஒரு தவணை வைக்கிறாள். பரீட்சைக்கு இருக்கிற பெடியனைப் போல.

16 ஓகஸ்ட்

ஊர்க்காரர் ஒருவரின் மகளுடைய திருமணம். அங்கே, ஊரில் எனக்குக் கீழ் வகுப்பில் படித்த செல்வரட்ணம் என்னைக் கண்டதும் மேசையிலிருந்த மற்றவர்களுக்குக் கேட்கும்படி தொடங்கினான். "நாதன் அண்ணைக்கு இடம் விடுங்கோ. அங்கை தொடாததை எல்லாம் இஞ்சை வாங்கி அடுக்கி வைச்சிருக்கிறார்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்புத்தான் இப்போதும் எரிகிறது.

நான் பதினெட்டு வயதில் விமானம் ஏறியவன். என்னோடு படித்தவர்களில் யார் யார் இயக்கத்துக்குப் போய்த் துவக்கு எடுத்தார்கள் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கழகத்து ஜெர்மன்காரர் என்னைப் பழைய போராளி என்று நினைத்து மெல்லிய குரலில் கேட்பார்கள். நம்மவர்கள் கோழை என்று நினைத்து உரத்த குரலில் கேட்பார்கள். இரண்டு பகுதிக்கும் நான் விளக்கம் கொடுக்கப்போவதில்லை.

ஆனால் இந்தக் குறிப்பில் பொய் எழுத முடியாது. முதலில் வாங்கியது இங்கிலாந்துத் துவக்கு. என் பள்ளிக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பொலிஸ்காரர் தோளில் கிடந்த வகை. அது கைக்கு வந்ததும் ஏதோ ஒன்று அடங்கும் என்று எதிர்பார்த்தேன். இரண்டு கிழமை அடங்கியது. பிறகு சுவிஸ், பின்லாந்து, செக். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிழமை.

21 ஓகஸ்ட்

விளையாட்டுக்காகச் சுடுபவர் ஆறு மாதத்தில் இரண்டு துவக்குகளுக்கு மேல் வாங்கக்கூடாது. கடைசி இரண்டையும் மார்ச் பதினான்கில் வாங்கினேன். ஆகவே செப்ரெம்பர் பதினான்கு வரை எனக்கு வழியில்லை.

இன்று வேலைத்தலத்தில் ஒரு கருவி சூடு தணியக் காத்திருந்த இருபது நிமிடத்தில் இதை யோசித்தேன். இதுவரை நான் ஆசையை அடக்கியவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எதையும் அடக்கவில்லை, சட்டம் அடக்கியது. தவணை முடிய மூன்று கிழமை இருக்கும்போதே துவக்கு விற்கும் விளம்பரத் தளங்களைத் திறந்துவிடுவேன். வாங்காவிட்டால் அந்த உரிமை பழுதாகிவிடும் என்பதுபோல ஓர் அவசரம். நிறுத்தி வைக்க எழுதப்பட்ட விதியை நான் பசிக்கான மணிக்கூடாக மாற்றி வைத்திருக்கிறேன்.

இதைக் கண்டுபிடித்ததில் எந்த நிம்மதியும் இல்லை. யோசித்துக்கொண்டே தளத்தைத் திறந்தும் இருந்தேன்.

27 ஓகஸ்ட்

ஹென்னெக்கே அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய கணவர் எங்கள் கழகத்தின் மூத்த உறுப்பினர், ஜூலையில் இறந்தார். நிலவறையில் இருபத்து மூன்று துவக்குகள். எல்லாவற்றையும் விற்றுத் தீர்க்க வேண்டும். அலுவலகக் கடிதங்களைப் பார்க்கவே தலை சுற்றுகிறது என்றார். விற்பனைக்கு ஒரு பட்டியல் எழுதித் தர முடியுமா?

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

31 ஓகஸ்ட், ஞாயிறு

போனேன். கமலநாயகியிடம் எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டே போனேன். "பாத்திட்டு வாங்கோ," என்றாள். அவ்வளவுதான்.

இருபத்து மூன்றில் ஒன்று சுவீடன் நாட்டுத் துவக்கு. 1906. குழலிலிருந்து கடைசித் திருகாணிவரை எல்லாப் பாகத்திலும் ஒரே இலக்கம். நூற்றுப் பத்தொன்பது ஆண்டுகளாக எதையும் யாரும் மாற்றவில்லை. குண்டேற்றும் பூட்டைப் பின்னுக்கு இழுத்தேன். வெண்ணெயில் கத்தி போவதுபோல என்று எழுதப் பார்க்கிறேன். அப்படி இல்லை. நன்றாகச் செய்த ஒரு பொருள் தான் செய்ய வேண்டியதைச் செய்வதுபோல. என் துறையில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. இப்படி ஒன்றை நான் பதினொரு ஆண்டுகளாகத் தேடுகிறேன்.

ஒரு வியாபாரி எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறானாம். நல்ல பாகங்களைக் கழற்றி விற்றுவிட்டு மற்றதை உருக்கக் கொடுப்பான். அம்மையாருக்கு இதில் எதுவும் பெரிய விடயமில்லை. நான் பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது காரிலே கண்டுகொண்டேன்: எனக்குப் புதிய நியாயம் ஒன்று கிடைத்திருக்கிறது. வாங்குவது இல்லை, காப்பாற்றுவது. எவ்வளவு உயர்ந்த சொல்.

4 செப்ரெம்பர்

மாலை தோறும் அங்கே போய்ப் பட்டியல் எழுதுகிறேன். பதினாறு முடிந்தது. சுவீடனுக்கு இன்னும் எழுதவில்லை.

7 செப்ரெம்பர்

நித்திரை இல்லை. சாப்பாட்டில் ருசி இல்லை. பெட்டகத்தைத் திறந்து வெறுமையாயிருக்கும் பத்தாவது பள்ளத்தில் ஒரு குடையைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். இடம் நிரம்பினால் மனமும் நிரம்பும் என்று. ஐம்பத்தாறு வயது. உடனே எடுத்துவிட்டேன்.

மகள் நிருஷா மாலை அழைத்தாள். அம்மா அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். "அப்பா, நீங்கள் ஆரோடை கோவம்?" என்று கேட்டாள். ஒருவரோடும் இல்லை என்றேன். "அப்ப ஏன் இப்பிடி நியூஸ் வாசிக்கிற மாதிரிக் கதைக்கிறியள்?"

14 செப்ரெம்பர், ஞாயிறு

இன்று தவணை முடிந்தது. இன்றிலிருந்து எனக்கு உரிமை உண்டு. மஞ்சள் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். ஏன் வைத்தேன்? பட்டியல் எழுத அட்டை எதற்கு?

கடைசியாகச் சுவீடனுக்கு விவரணம் எழுதினேன். முடிந்ததும் ஹென்னெக்கே அம்மையார் அந்தத் துவக்கைத் துணியுறையிலிட்டு என் கையில் தந்தார். உழைப்புக்கு நன்றி, பணம் வேண்டாம், என் கணவர் இருந்திருந்தால் உங்களுக்கே கொடுத்திருப்பார் என்றார். அலுவலகப் படிவத்தில் தம் பகுதியை நிரப்பிக் கையொப்பமும் போட்டிருந்தார்.

உறையைத் தோளில் மாட்டினேன். வாசலிலிருந்து காருக்கு ஏறக்குறைய முப்பது அடி. அதற்குள், ஒரு துளி முயற்சியும் இல்லாமல், கமலநாயகிக்குச் சொல்ல வேண்டிய வாக்கியங்கள் என் வாயில் வந்து வரிசையாக நின்றன. நான் வாங்கவில்லை, எனக்குத் தந்தார்கள். நீ கேட்டது வாங்குவேனா என்பதைத்தான். மறுத்திருந்தால் கணவனை இழந்த ஒரு பெண்ணைப் புண்படுத்தியிருப்பேன். மூன்றும் பிழையற்ற வாக்கியங்கள். எதற்கும் மறுப்புச் சொல்ல ஏலாது. எவ்வளவு வடிவாப் பொய் சொல்லுறாய் நீ, நாதன். எத்தினை வருசமாச் சொல்லுறாய். ஆருக்குச் சொல்லுறாய்?

கார்க் கதவைத் திறந்தபடி நின்றேன். மழை தூறத் தொடங்கியிருந்தது. உறை நனையக்கூடாது என்ற எண்ணந்தான் முதலில் வந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டேன். அவர் திகைத்து, பிறகு முகம் சிவந்து, உங்கள் அட்டையில் இடம் இருக்கிறதே என்றார். இருக்கிறது என்றேன். வேறு காரணம் சொல்லவில்லை. படிவத்தை என் முன்னாலேயே இரண்டாகக் கிழித்தார். நல்ல மனிசி. இனி என்னோடு பேசமாட்டார்.

15 செப்ரெம்பர்

கமலநாயகியிடம் நடந்ததைச் சொன்னேன். அட்டையைக் கொண்டுபோனது, உறையைத் தோளில் போட்டது, எல்லாம்.

"வாங்கேல்லை எண்டதுக்கு நான் கைதட்டோணுமோ?" என்றாள்.

அப்போது என் குரல் உடைந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "எனக்கு இப்பவும் வேணும். நாளைக்கும் வேணும். நீ நினைக்கிற மாதிரி விட்டுப்போட்டு வரேல்லை. பல்லைக் கடிச்சுக்கொண்டு வந்தனான். வந்த கோவத்திலை உன்னையும் பிடிக்கேல்லை, அந்த மனிசியையும் பிடிக்கேல்லை, செல்வரட்ணத்தைக் கண்டா அடிப்பன்."

அவள் நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே இருந்தாள். 

"இதைத்தான் நான் நாலு வருசமாக் கேட்டனான்," என்றாள். "ஆறோ ஒன்பதோ எண்டு கேட்கேல்லை."

பிறகு செல்வரட்ணம் என்ன சொன்னான் என்று கேட்டாள். சொன்னேன். "அவன் தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு வாங்கின காசையே இன்னும் திருப்பிக் குடுக்கேல்லை, அவனுக்குப் பெரிய கதை," என்றாள். இருவரும் சிரித்தோம். கொஞ்ச நேரந்தான்.

வுப்பர்டாலைப் பற்றி நான் கேட்கவில்லை.

19 செப்ரெம்பர்

சுவீடன் விற்பனையாகிவிட்டது. எர்லாங்கனிலிருந்து யாரோ ஒருவன், விளம்பரம் வெளியான அன்றே. நான் எழுதிய விவரணத்தை வாசித்து மயங்கியிருக்கிறான். அவன் முகம் தெரியாமலே அவனை வெறுக்கிறேன்.

23 செப்ரெம்பர்

என்னுடையவற்றில் மூன்றுக்கு விளம்பரம் போட்டிருந்தேன். ஒன்றுக்கு மட்டும் ஆள் வந்தான். செக் நாட்டுத் துவக்கு போனது. எட்டு. நிலவறையிலிருந்து மேலே வந்து கமலநாயகியிடம் "எட்டு" என்று சொன்னேன். "ம்," என்றாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

26 செப்ரெம்பர்

இன்று வேலையில் நான்கு முறை தளத்தைத் திறந்து, நான்கு முறை மூடினேன். மாலையில் அவளிடம் சொன்னேன். "நேற்று எத்தினை?" என்று கேட்டாள். ஆறு என்றேன்.

30 செப்ரெம்பர், செவ்வாய்

அலுவலகக் கடிதம் எதையும் அனுப்புமுன் என்னிடம் காட்டுவது கமலநாயகியின் நெடுநாள் வழக்கம். அவளுடைய ஜெர்மன் மொழியில் குறை கிடையாது, இருந்தாலும் காட்டுவாள். ஓகஸ்ட்டிலிருந்து அது நின்றிருந்தது.

இன்று காலை, கடமைக்குப் புறப்பட முன், சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை வைத்து, "பிழை இருந்தா திருத்திப்போட்டுத் தபாலிலை போடுங்கோ," என்று சொல்லிவிட்டுச் சப்பாத்துப் போடப் போனாள்.

வுப்பர்டாலுக்கு. மூன்று வரிகள். உங்கள் நம்பிக்கைக்கு நன்றி. குடும்பச் சூழ்நிலை காரணமாக அந்தப் பொறுப்பை இப்போதைக்கு ஏற்க முடியாதிருப்பதற்கு வருந்துகிறேன்.

இரண்டாம் முறையும் வாசித்தேன். மறுப்புக் கடிதத்தில் 'இப்போதைக்கு' என்ற சொல் தேவையற்றது. மறுப்பு முழுமையாக இருப்பதே முறை. வேறு யாருடைய கடிதமாயிருந்தாலும் வெட்டியிருப்பேன்.

ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தினேன். உறையில் போட்டு ஒட்டி, அவளோடு கூடவே நடந்துபோய்த் தபாற்பெட்டியில் போட்டேன்.