முதுகு வளைந்த குட்டி

போர்ட்டர்வில், கலிஃபோர்னியா
செப்டம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள லைல்,

நான் நலம் என்று எழுதி, அடித்துவிட்டேன். நீ நலமா? வயிற்றுப் பிள்ளையைப் பற்றி டாக்டர் ஒரு சேதி சொன்னார். அதற்குத்தான் இந்தக் கடிதம். தைரியம் வந்ததும் எழுதுகிறேன், கீழே தாவிப் படிக்காதே. போனில் சொல்லத்தான் பார்த்தேன். புயலடித்த அந்த ஊரில் போனுக்காக உனக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் லைன்மேன்கள், "போதும்டா, பொண்டாட்டிய ஊருக்குப் போய்க் கொஞ்சிக்க" என்று கத்துவது இங்கே வரை கேட்கிறது. நீயும் சிரிக்கிறாய். சிரிக்கிறவனிடம் எப்படிச் சொல்வது?

முதலில் உன் பாம்புகள். முட்டையெல்லாம் பொரிந்துவிட்டது. இந்த நாசமாய்ப் போன வெயிலில் பாம்பு அறைக்கு மட்டும் ஏ.சி. ஓடுகிறது, நான் சமையலறையில் விசிறிக்கு முன்னால் கிடக்கிறேன். நீ சொன்னபடி முட்டைக்கு அடியில் விரித்த பாசி காயாமல் தண்ணீர் தெளித்தேன். ஓட்டில் கீறல் விழுந்து, ஒவ்வொரு மூக்காக வெளியே எட்டிப் பார்த்தது. அவசரமே இல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தன. என்னால்தான் உட்கார முடியவில்லை. வெளியே வந்ததும், ஒன்றையொன்று தின்று தொலைக்குமே என்று தனித்தனி டப்பாவில் போட்டேன்.

பெரும்பாலும் சாதாரணக் குட்டிகள்தான், பழுப்பு உடம்பும் வெள்ளை வளையமும். ஆனால் ஒன்று, லைல், நீ கேட்ட நிறம். வெளிறிய ஊதா. கழுத்திலிருந்து வால் நுனிவரை எங்கேயும் அறுபடாத ஒற்றைக் கோடு. அண்ணனையும் தங்கையையும் சேர்த்து, அவற்றின் குட்டிகளை மறுபடி சேர்த்து, இத்தனை வருஷமாக நீ காத்துக் கிடந்தது இதற்குத்தானே? உன்னைக் கூப்பிட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது.

மறுநாள் உன் பாம்பு வளர்ப்புக் கூட்டாளி கர்டிஸ் பார்க்க வந்தான். "அதிர்ஷ்டக்காரப் பய! இதப் பாம்புக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தா நாங்கல்லாம் மேசைய மடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றான். பிறகு கையில் எடுத்து விரலிடுக்கில் ஓடவிட்டான். சிரிப்பு நின்றுவிட்டது. நடுமுதுகுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு மடங்கியிருக்கிறது. "ச்சே, கோணலா இருக்கே ரோன்டா. இத வச்சுக் குட்டி எடுக்க முடியாது. லைல் இருந்தா என்ன செய்வான்னு உனக்கே தெரியும்" என்றான். என் வயிற்றைப் பார்த்தானோ என்னவோ, வேறு பக்கம் திரும்பிக்கொண்டு டப்பாவை மூடினான். அவனுக்கு எதுவும் தெரியாது. என் கண்ணுக்குத்தான் எல்லாம் அப்படித் தோன்றுகிறது.

நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். கோணல் குட்டி பிறந்தால் ஃப்ரீஸரில், ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில், மூடி போட்ட டப்பா. நீ அதை ஒருநாளும் அலட்சியமாகச் செய்ததில்லை. குட்டியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருப்பாய். "கஷ்டப்பட வேணாம்டா கண்ணு" என்பாய். அன்றைக்கு முழுவதும் சாப்பிடமாட்டாய். முன்பெல்லாம் அந்த இரக்கத்துக்காகவே உன்னை எனக்குப் பிடிக்கும். இப்போது அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் அதை ஃப்ரீஸரில் வைக்கவில்லை. முதல் தோல் உரிக்கும்போது வளைவில் சிக்கிக்கொண்டது, ஈரத்துணியால் தடவித் தடவி எடுத்தேன். நேற்று எலிக்குஞ்சு கொடுத்தேன். விழுங்கியது வளைவுக்கு மேலே கட்டி மாதிரி நின்றுவிட்டது. அந்த அறைக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். வாசலுக்குப் போனேன், எதற்குப் போனேன் என்று மறந்து திரும்பி வந்தேன். கர்டிஸைக் கூப்பிட்டுத் திட்டும் வாங்கினேன். "முழுசா யாரு குடுக்கச் சொன்னா? வளர்க்கறதுன்னா பாதி பாதியா வெட்டிக் குடு, இல்லன்னா சும்மா விடு" என்றான். சாயங்காலம் கட்டி மெதுவாக இறங்கியது. பாம்பு அறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருஷத்தில் உன் பாம்புக்காக நான் அழுதது இதுதான் முதல் தடவை.

சரி, எழுதிவிடுகிறேன். ஸ்கேனில் நம் பிள்ளையின் கீழ்முதுகு எலும்பு சரியாகக் கூடவில்லையாம். நடக்கலாமாம், நடக்காமலும் போகலாமாம். பிறந்ததும் அறுவை சிகிச்சை வேண்டியிருக்கலாமாம். நான் கேட்ட எதற்கும் அந்த மனிதர் உறுதியாக ஒரு பதில் சொல்லவில்லை. "புருஷன் வந்ததும் ரெண்டு பேருமா வாங்கம்மா, யோசிச்சு முடிவெடுக்க நேரம் இருக்கு" என்று என் தோளைத் தட்டினார். பாம்புக்காவது காரணம் தெரிகிறது. நீ டெக்சாஸ்காரன், நான் ஐடஹோக்காரி, நாமென்ன அண்ணன் தங்கையா? யார்மேல் பழி போடுவது என்றுகூடத் தெரியவில்லை.

டாக்டர் சொன்ன அந்த நேரம் எனக்குத் தேவையில்லை, லைல். பெற்றெடுப்பதென்று நான் முடிவெடுத்துவிட்டேன். இதை எழுதும்போதும் உள்ளே உதைக்கிறது. நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். கெட்டவனாக இருந்தால் ஒரு சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, பாம்புக்குட்டியிடம் சொல்கிற அதே வார்த்தையைச் சொல்லிவிடுவாயோ என்றுதான் நடுங்குகிறேன். அதைக் கேட்டுவிட்டு உன்னோடு ஒரே வீட்டில் இருக்க என்னால் முடியாது.

கம்பத்தில் ஏறும்போது இடுப்பு வாரை நன்றாக இழுத்துப் பார்த்துக்கொள். ஈரக் கையோடு எதையும் தொடாதே. அந்த ஊர்க்காரர்களுக்கு வெளிச்சம் கொடுத்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பி வா. கடவுள் உன்னோடு இருக்கட்டும்.

பெண் குழந்தையாம். எனக்கு வேறு எதுவும் வேண்டாம், அவளுக்கு ஒரு பெயர் யோசித்துக்கொண்டு வா. யோசிக்க முடியவில்லை என்றால், கிளம்புவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்துவிடு.

உன்,
ரோன்டா