பியானோவுக்குள் சிவப்புக் கம்பளி

2 ஆகஸ்ட் 2025, சனி

பெட்டி முடிந்தது. காக்ஸ் டவுனில் மட்டுமல்ல, ஆசியாவிலேயே இப்படி ஒரு பெட்டி இருக்காது. தேக்குப் பலகை, நாலரை அடி நீளம், எண்பத்தெட்டுக் கட்டைகள், உள்ளே கையகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு. திரை கிடையாது, லேப்டாப் கிடையாது. ஸ்விட்சைப் போட்டால் பியானோ.

சாஃப்ட்வேர் என் அக்கா மகள் வித்யாலட்சுமி எழுதியது. ரெக்கார்டு செய்த சத்தத்தைத் திருப்பிப் போடுவதல்ல அது. கட்டையை அழுத்தினால் சுத்தி கம்பியில் எவ்வளவு வேகமாகப் பட்டிருக்கும், கம்பி எப்படி ஆடும், பலகை எப்படி அதிரும் என்று அந்த நொடியிலேயே கணக்குப் போட்டுச் சத்தத்தை உண்டாக்கும். இதையெல்லாம் நான்தான் அவளுக்கு விளக்கினேன் என்று க்ளெனிடம் சொல்லியிருக்கிறேன். அவள்தான் எனக்கு விளக்கினாள். விஷயம் ஒன்றுதானே.

4 ஆகஸ்ட், திங்கள்

க்ளென் வந்தான். எங்கள் தெரு சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவன். ஈஸ்டர் அன்று வித்யாவின் லேப்டாப்பை வைத்து வாசித்தபோது யாரோ காலால் ஒயரை இழுத்துவிட, கொயர் மொத்தமும் வாயைத் திறந்தபடி நின்றது. அதனால்தான் தனிப் பெட்டி கேட்டான்.

“முப்பதாம் தேதி ஒரு கல்யாணம் குரு. ரெண்டு மணி நேரம். தாங்குமா?”

“மூணு நாள் நிறுத்தாம வாசி. அப்பவும் தாங்கும்” என்றேன்.

அவன் போனதும் வித்யா முறைத்தாள். “ஒரு மணி நேரம்கூட வாசிச்சுப் பார்க்கல மாமா.”

மார்ச்சில் எலெக்ட்ரானிக் சிட்டி வேலையை விட்டவள். பழைய மேனேஜர் திரும்பக் கூப்பிடுகிறாராம், செப்டம்பர் ஒன்றாம் தேதி சேர வேண்டுமாம். “கல்யாணத்துல ஒழுங்கா ஓடிச்சுன்னா இதையே பார்க்கறேன். இல்லேன்னா ஒண்ணாம் தேதி கம்பெனி கேப் ஏறிடறேன்” என்றாள்.

ஓடும். என் பெட்டி.

6 ஆகஸ்ட், புதன்

பெட்டியைத் தட்டினால் காலி டின் மாதிரி கேட்டது. நிஜ பியானோவுக்குள் கம்பளி இருக்கும் என்று க்ளென் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. சிவாஜிநகர் போய் நல்ல தடிமனான சிவப்புக் கம்பளியாக இரண்டு மீட்டர் வாங்கி, உள்ளே நாலு பக்கமும் ஒட்டினேன். பின்னால் இருந்த ஓட்டைகளையும் சேர்த்து மூடிவிட்டேன். கரப்பான் வராது பாருங்கள். திறந்தால் நகைப்பெட்டி தோற்கும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு இந்த மூளை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

வித்யாவிடம் சொல்லவில்லை. சஸ்பென்ஸாக இருக்கட்டும்.

9 ஆகஸ்ட், சனி

க்ளென் வாசித்தான். இருபது நிமிஷம் தேவலோகம். அப்புறம் கடுகு வெடிப்பது மாதிரி படபடவென்று ஒரு சத்தம். அணைத்துவிட்டோம்.

வித்யா கேட்டாள்: “என் ரூம்ல இதே போர்டு நாலு மணி நேரம் ஓடுது. இங்க மட்டும் ஏன்? சூடானா அது வேகத்தைக் குறைச்சுக்கும். போர்டு காட்டற சூட்டுக் கணக்கையும் நம்ப முடியல, கண்ட நம்பர் காட்டுது. நீங்க மீட்டர் வெச்சுப் பார்த்தீங்களா?”

“பார்க்காமலா? நாப்பத்திமூணு டிகிரி.”

நாற்பது என்றால் குத்துமதிப்பாகத் தெரியும். நாற்பத்திமூன்று என்றால் பார்த்துச் சொன்னது போல இருக்கும்.

“அப்ப சூடு இல்ல. என் கணக்குலதான் ஏதோ இருக்கு” என்றாள்.

13 ஆகஸ்ட், புதன்

வித்யா தன் கணக்கில் ஒரே நேரத்தில் ஆடும் கம்பிகளைப் பாதியாகக் குறைத்துவிட்டாளாம். இப்போது முப்பது நிமிஷத்தில் கடுகு வெடிக்கிறது. க்ளென் உதட்டைப் பிதுக்கினான். “சத்தம் ஒல்லியாயிடுச்சே பாப்பா. ஜுரம் வந்த பியானோ மாதிரி இருக்கு.”

15 ஆகஸ்ட், வெள்ளி

லீவு நாள். காலையிலிருந்து லேப்டாப்பும் கையுமாக எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி சரசு பிசிபேளாபாத் செய்தாள். வித்யா தொடவில்லை.

19 ஆகஸ்ட், செவ்வாய்

“அஞ்சு மாசம் வேஸ்ட்டு மாமா. அடிப்படையிலயே எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன். சனிக்கிழமை கம்பெனி லெட்டர்ல கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன். கல்யாணத்துக்கு க்ளென் அங்கிளை வேற ஏதாவது பார்த்துக்கச் சொல்லுங்க.”

நான் வேலை பார்த்த டெலிபோன் ஃபேக்டரியில் ஜெர்மன்காரனே கைவிட்ட மெஷினை நான் ஓட்டிக் காட்டிய கதையை ஆரம்பித்தேன்.

“மாமா, ப்ளீஸ்” என்றாள். நிறுத்திவிட்டேன்.

21 ஆகஸ்ட், வியாழன்

ஓடிக்கொண்டிருந்த பெட்டிமேல் காபி டம்ளரை வைக்கப் போனேன். கை பட்டது. இட்லிக் குண்டான் மூடி மாதிரி சூடு.

சிவாஜிநகரில் ரிப்பேர் கடை முகேஷிடம் சூடு பார்க்கும் மீட்டர் வாங்கி வந்து, மூடியைக் கொஞ்சமாகத் தூக்கி உள்ளே விட்டேன்.

எண்பத்தி நாலு.

மூன்று தடவை பார்த்தேன். எண்பத்தி நாலுதான். கம்ப்யூட்டருக்குக் கம்பளி போர்த்தி, காற்று வரும் வழியையும் அடைத்து வைத்திருக்கிறேன்.

நாப்பத்திமூணுன்னு எதுக்குடா சொன்னே? யார் கேட்டா உன்கிட்ட நம்பரை? பார்க்கலைன்னு சொல்லியிருந்தா என்ன, தலையா போயிருக்கும்?

இப்ப என்ன பண்றது? கம்பளியை உரிச்சுப் போட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துடலாம். ஓடும். என்னமோ யோசனை பண்ணிச் சரி பண்ணினேன்னுகூடச் சொல்லிக்கலாம், எல்லாரும் நம்புவாங்க — ஆனா அவ கணக்கு தப்புன்னு அவ நம்பிட்டு இருப்பாளே. சரியான கணக்கைப் பிச்சுப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கா.

22 ஆகஸ்ட், வெள்ளி

இரண்டு பஸ் மாறி எலெக்ட்ரானிக் சிட்டியில் அவள் தங்கியிருக்கும் பிஜி ஹாஸ்டலுக்குப் போனேன். போனில் சொல்லியிருக்கலாம். போனில் என்றால் வேறு எதையாவது சொல்லியிருப்பேன், எனக்கு என்னைத் தெரியும். பஸ்ஸிலேயே நாலு கதை தயார் செய்தேன். ஒன்றில் கம்பளியைக் கடைக்காரனே தப்பாக வைத்து அனுப்பியிருந்தான். இன்னொன்றில் மீட்டர் பழுது.

அவள் கீழே இறங்கி வந்ததும் எல்லாம் மறந்துபோனது.

“மீட்டரே வெக்கல வித்யா. நாப்பத்திமூணு நானா சொன்னது. உள்ள கம்பளி ஒட்டியிருக்கேன். ஓட்டையையும் அடைச்சிருக்கேன். நேத்து பார்த்தேன், எண்பத்தி நாலு. உன் கணக்கு சரியாத்தான் இருக்கு.”

விரல்விட்டு எண்ணினாள்.

“பதிமூணு நாள், மாமா.”

“ஆமா.”

“எனக்கு ஒண்ணுமே தெரியலைன்னு நெனச்சு அழுதிருக்கேன்.”

“ம்.”

“லெட்டர் நாளைக்கு அனுப்பறதா இருந்தேன், தெரியுமா?”

தெரியும் என்றேன். திரும்பி மேலே போய்விட்டாள். பத்து நிமிஷம் கேட் பக்கத்திலேயே நின்றேன். பையை மாட்டிக்கொண்டு வந்தாள். “வாங்க, திறக்கணும்.”

பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

கம்பளியை உரிக்க இரண்டு நாள் ஆயிற்று. நான் ஒட்டினால் அப்படித்தான் ஒட்டும். ஓட்டைகளைத் திறந்து இன்னும் பன்னிரண்டு போட்டேன். போர்டின் அடியில் அலுமினியத் தகடு. கணக்கில் குறைத்த கம்பிகளையெல்லாம் வித்யா முன்பு இருந்தபடியே திருப்பி வைத்துவிட்டாள்.

என்னிடம் நேராகப் பேசுவதில்லை. எல்லாம் சரசு வழியாகத்தான். “அத்தை, அந்த ஸ்க்ரூடிரைவரைக் குடுக்கச் சொல்லுங்க.” நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

சரசு தன் பங்குக்குச் சொன்னாள்: “உங்க வாய்க்கும் நாலு ஓட்டை போட்டா சூடு குறையும்.”

27 ஆகஸ்ட், புதன்

நாலு மணி நேரம் ஓடியது. அறுபத்தொன்று. நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

லெட்டர் போய்விட்டதா என்று கேட்கவில்லை.

30 ஆகஸ்ட், சனி

கல்யாணம். பெண் வீட்டார் தாமதம், அதனால் இரண்டே முக்கால் மணி நேரம். க்ளென் ஒரு நிமிஷம்கூட எழுந்திருக்கவில்லை. ஒரு கடுகு வெடிக்கவில்லை. பெண் உள்ளே வரும்போது அடிக்கட்டைகளில் எழுந்த அதிர்வு நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கே வந்தது. (பெஞ்சுக்கு வந்தது நிஜம். சரசுவைக் கேட்டுக்கொள்ளலாம்.)

முடிந்ததும் மாப்பிள்ளையின் மாமா ஒருவர் பெட்டியைத் தடவிப் பார்த்து, “இதை யாரு செஞ்சது?” என்றார்.

“பியானோ இந்தப் பொண்ணு. பெட்டி நான்” என்றேன்.

க்ளென் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். “உடம்பு சரியில்லையா குரு?”

வித்யா சிரித்தாளா என்று பார்ப்பதற்குள் யாரோ அவளைக் கேக் வெட்டும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

வரவில்லை. போனும் இல்லை. போன் செய்யப் போனேன். “இப்ப அவ முடிவு பண்ணட்டும், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க” என்று சரசு போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

1 செப்டம்பர், திங்கள்

அவள் கம்பெனி கேப் எட்டு மணிக்கு. எட்டு அடித்தது, எட்டேகாலும் ஆனது. பேப்பரில் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டரைக்கு வாசலில் ஆட்டோ. பின் சீட்டில் குறுக்காக, இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு, அட்டை சுற்றிய எண்பத்தெட்டுக் கட்டைகள். அதற்கும் ஆட்டோக் கம்பிக்கும் நடுவில் நசுங்கியபடி வித்யா.

“ஒரு பக்கம் பிடிங்க மாமா” என்றாள். சரசுவிடம் அல்ல, என்னிடம்.

கூடத்தில் இறக்கி வைத்தோம். மூச்சு வாங்கியபடி கேட்டாள்: “முதல் பெட்டி உள்பக்கம் எவ்வளவு நீளம்? ரெண்டாவதுக்கு வேணும்.”

நாக்கு நுனியில் ஒரு நம்பர் தயாராக வந்து நின்றது. ஐம்பத்தொன்று புள்ளி ஏதோ.

“இரு. டேப் எடுத்துட்டு வரேன்” என்றேன்.