மருந்துப் போத்தலில் இருந்த பெற்றோல்

என் அன்பு அப்பாவுக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது. மொன்றியலில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் நம் வீட்டுத் தெருவின் இரண்டு பக்கமும் கார்கள். நீங்கள் இருந்திருந்தால் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்து, சொந்தக்காரனைக் குறுக்கு விசாரணை செய்திருப்பீர்கள்.

தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து போனில் கதைத்தான். கண்டி வீதி இப்போது வழவழவென்று இருக்கிறதாம், சந்திக்குச் சந்தி பெற்றோல் செட்டாம். "ஆனா அக்கா, தெற்கிலயிருந்து லொறி லொறியா வெங்காயம் வந்து இறங்குது. எங்கட வெங்காயத்தைக் கேட்க ஆளில்லை" என்றான். சண்டைக் காலத்தில் பாதை மூடி அழுகியது, இப்போது பாதை திறந்து அழுகுகிறது. கேட்க எரிச்சலாக இருந்தது.

பெற்றோல் என்ற பேச்சு வந்தாலே நான் எழும்பிப் போய்விடுவேன். ஏன் என்று உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

சண்டையில் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலத்தில் வடக்குக்குப் பெற்றோல் வராது. உங்கள் வாடகைக் கார் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஸ்டார்ட் பண்ண மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல் விடவேண்டும். அதை ஒரு சின்ன மருந்துப் போத்தலில் ஊற்றி, அலுமாரியில் உடுப்புகளுக்குள் ஒளித்து வைத்திருந்தீர்கள். பிள்ளைப்பேறு, பாம்புக்கடி எல்லாவற்றுக்கும் ஊரில் உங்கள் கார்தான்.

அன்று நீங்கள் கூப்பன் அரிசிக்குச் சங்கக்கடை வரிசையில் நின்றீர்கள். பின்வளவில் வெங்காயம் வாடிக் கிடந்தது. தண்ணீர் இறைக்கிற மெஷினுக்கும் அதே சொட்டுப் பெற்றோல்தான். வந்து பார்த்தால் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்து, போத்தலை நான் எடுத்தேன். மெஷின் லேசில் ஸ்டார்ட் ஆகவில்லை; அது ஓடிப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ந்தபோது பெற்றோல் முழுதும் முடிந்துவிட்டது. பயத்தில் வெறும் போத்தலை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

பின்னேரம் பக்கத்து வீட்டுச் சரசு அக்காவுக்கு வலி கண்டது. நீங்கள் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தீர்கள். "மூடியை வடிவா இறுக்காம விட்டிட்டன், ஆவியாப் போட்டுது" என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அயலில் ஒருவரிடமும் ஒரு சொட்டு இல்லை. நாலு பேர் தள்ளியும் கார் அசையவில்லை. மாட்டு வண்டியில் ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அக்கா தப்பினா, பிள்ளை தப்பவில்லை.

அப்பா, வெங்காயப் பாத்தி ஈரமாக இருந்ததே, உங்கள் கண்ணில் படவில்லையா? தெரிந்துதான் பழியை ஏற்றுக்கொண்டீர்களா? மொன்றியலுக்கு வந்த பிறகும், நான் காருக்குப் பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் பனிக்குள் இறங்கி வந்து மூடியை நீங்களே திருகினீர்கள். உண்மையாகவே அப்படி நம்பினீர்களா, இல்லை எனக்காகவா?

சரசு அக்காவும் ஞாயிற்றுக்கிழமை வந்தா. இப்போது ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் வேலை செய்கிறா. சாப்பிட்ட பிறகு உங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னா: "நல்ல மனுசன். அண்டைக்கு அந்த மூடியை மட்டும் இறுக்கியிருந்தா, என்ர பிள்ளைக்கு இப்ப முப்பது வயசு தாண்டியிருக்கும்."

நான் "ஓம் அக்கா" என்றேன். உங்கள் படத்துக்கு முன்னால் நின்றே சொன்னேன், அப்பா. வெட்கமாக இருக்கிறது.

நாளைக் காலை சந்தைக்குப் போகிறேன். அக்கா காறித் துப்பலாம், இனி முகத்தில் முழிக்காதே என்று சொல்லலாம். சொல்லட்டும். "அப்பா மூடியை இறுக்கித்தான் வச்சவர் அக்கா, எடுத்தது நான்" என்று சொல்லாமல் திரும்ப மாட்டேன். இது சத்தியம்.

உங்களிடம் ஒருநாளும் ஏச்சு வாங்காத,
உங்கள் மூத்த மகள்.