வெள்ளிமலை என்று சொன்னவர்கள்

செவ்வாய்க்கிழமை. இரவாகியும் மழை விடவில்லை.

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிப் பதிவறைக்கு இன்று மலையிலிருந்து அண்ணாமலை என்பவர் வந்தார். மனைவி சின்னப்பொண்ணுவுக்கு மறுபடியும் வயிற்றுவலி. முந்தைய ஆபரேஷனில் என்ன செய்தார்கள் என்று தெரியாமல் டாக்டர் கை வைக்க மாட்டார். கம்ப்யூட்டரில் அந்த அம்மாவின் பெயரையும் வெள்ளிமலை என்ற ஊரையும் போட்டுத் தேடினேன். திரை முழுக்கச் சின்னப்பொண்ணுகள். கணவர் பெயரைச் சேர்த்தும் அவ்வளவாகக் குறையவில்லை.

"உங்க ஊரு வெள்ளிமலையேதானா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. அங்க பஸ்ஸ வுட்டு எறங்கி காட்டுக்குள்ள நடக்கணும். எங்க ஊரு பேர சொன்னா இங்க யாருக்குத் தெரியும்?"

மலையிலிருந்து வருகிற எல்லோரும் வெள்ளிமலை என்றுதான் சொல்கிறார்கள். அதற்காகத்தான் கம்ப்யூட்டர் பதிவில் குக்கிராமம் என்று தனிக் கட்டம் சேர்த்தேன். சீட்டு போடும் இடத்தில் அதைக் கேட்பதே இல்லை. கேட்கச் சொன்னால், "இருக்கிற வேலையே ஜாஸ்தி மேடம்" என்கிறார்கள்.

ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். பழைய பதிவு கிடைத்தபோது டாக்டர் போய்விட்டிருந்தார். அந்த அம்மா வராந்தாவில் சுருண்டு படுத்திருந்தார். அண்ணாமலையிடம் அவர்கள் ஊரைக் கேட்டு, காலியாக இருந்த கட்டத்தில் நானே அடித்தேன்.

"காலையில காட்டிக்கிறோங்க. நீங்களும் வூட்டுக்குப் போவாம குந்திக்கினு இருக்கீங்க. உங்களுக்கு எந்த ஊருங்க?"

"உளுந்தூர்பேட்டை."

அவர் தலையாட்டினார். உண்மையில் எங்கள் ஊருக்கு அங்கே இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, ஏரிக்கரையோடு நடக்க வேண்டும். அந்த ஊரின் பெயரை இங்கே யாரிடமும் நான் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

இப்போது நான் தங்கியிருக்கும் இந்த அறையில் அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.