வளர்ச்சி நன்றாக இருக்கிறதாம், தம்பி

பிரான்புரி, தாய்லாந்து,
மார்ச் 9

அன்புள்ள தம்பி குங்,

நான் நலம். சிங்கப்பூரில் நீயும் உன் மனைவியும் நலமாக இருக்கப் புத்தர் துணை இருக்கட்டும். நீ நான்கு முறை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. போன் கெட்டுப்போகவில்லை. போனில் பேசினால் பாதியிலேயே புகுந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது அல்லவா, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இங்கே இந்த வருஷமும் மழை பொய்த்துவிட்டது. அன்னாசி மாங்காய் அளவோடு நின்றுவிட்டது. தோலைச் சீவி நடுத்தண்டை எடுத்தால் டப்பாவில் அடுக்க ஒரு வளையம்கூடத் தேறுவதில்லை. தேறியதையும் அமெரிக்காக்காரன் வரியை ஏற்றியதால் வாங்க ஆளில்லை. கிடங்கில் கூரை வரைக்கும் டப்பா. மூன்று வரிசை ஓடிய தொழிற்சாலையில் ஒன்றுதான் ஓடியது. அதில் நின்ற நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் எல்லோரும் பாங்காக்கில். அவர்களுக்குக் கல்யாணத்தில் விருப்பமில்லை, பூனை வளர்க்கிறார்கள்.

இதெல்லாம் உனக்குத் தெரியாததல்ல. மாநாட்டுத் திரையில் நீ காட்டினாயே, வணிகம், காலநிலை, முதுமை என்று மூன்று கோடுகள், அதைத்தான் சொல்கிறேன். உன் திரையில் கோடு. இங்கே வீடு.

அந்த மாநாடு நடந்த ஹுவா ஹின் ஓட்டலில் என்னைப் பார்த்ததும் உன் முகம் போன போக்கு நினைவிருக்கிறது. நான் எப்படி அங்கே வந்தேன் என்று நீ இதுவரை கேட்கவில்லை. அரங்கு பாதி காலியாம். ஆள் அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து எங்கள் மேலாளர் பிரசித்துக்குச் சொல்லிவிட்டார்கள். சீருடையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு பத்துப் பெண்கள் வேனில் வந்தோம். விருந்தினர் சாப்பிட்ட பிறகுதான் தட்டைத் தொட வேண்டும் என்று வண்டியிலேயே பாடம் நடத்தினார்கள். உள்ளே இருந்த குளிருக்கு, நம் பக்கத்து வீட்டுச் சங்வான் அக்கா நீங்கள் கொடுத்த துணிப்பையைத் தோளில் போர்த்திக்கொண்டாள். அந்த மாநாட்டால் எங்களுக்குக் கிடைத்த பயன் அந்தப் பை ஒன்றுதான்.

பொருளாதார நிபுணர் என்று அறிவித்ததும் நீ மேடை ஏறினாய். இந்த வெயிலில் கோட்டு. வட்டாரத்தின் வளர்ச்சி வாய்ப்பு உறுதியாக இருக்கிறது, எதிர்க்காற்று கொஞ்சம் வீசுகிறது, அவ்வளவுதான் என்றாய். அந்த அரங்கில் ஒரு ஜன்னல்கூட இல்லை, தம்பி. பிறகு, இயந்திரங்களை வரவேற்க வேண்டும், மூத்த தொழிலாளர்களுக்கு மறுபயிற்சி கொடுத்து இதமாக வழியனுப்ப வேண்டும் என்றாய். பக்கத்திலிருந்த அதிகாரி கண்ணை மூடிக்கொண்டே தலையாட்டினார். உறங்கும்போதும் ஒப்புக்கொள்ளப் பழகியவர் போலிருக்கிறது.

கேள்வி கேட்கலாம் என்றார்கள். நான் எழுந்தேன்.

"ஐயா, மூத்த தொழிலாளின்னா எத்தனை வயசிலிருந்து?"

நீ என்னைப் பார்த்தாய். உனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவளை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாய்.

"நாப்பத்தஞ்சுக்கு மேலம்மா."

உனக்கு நாற்பத்தொன்பது. சங்வான் அக்கா மட்டும் சிரித்தாள்.

தேநீர் நேரத்தில் அந்த அதிகாரி, இந்த அம்மாவைத் தெரியுமா என்று கேட்டார். எங்கள் மாவட்டத்துக்காரர் என்றாய். உன் கூடப் பிறந்தவள் இரண்டடி தள்ளித் தர்ப்பூசணித் தட்டோடு நின்றாள். அன்னாசி ஊரில் மாநாடு நடத்துகிறவர்கள் தர்ப்பூசணி வைத்திருந்தார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். வெட்கப்பட்டிருப்பான், பெரிய இடத்தில் இருப்பவன் என்று வழியெல்லாம் உனக்காக நானே சங்வான் அக்காவிடம் வாதாடினேன்.

அடுத்த வாரம் பிரசித் எங்களைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரச் சொன்னார். கையில் உன் அறிக்கை. வீட்டில்தான் நீ குங், அட்டையில் டாக்டர் வீரயுத் என்று உன் முழுப்பெயர். அதிலிருந்து ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு, வேலையை விட்டு அனுப்பப்படுகிறவர்களின் பட்டியலை எடுத்தார். முப்பத்தேழு பெயர். பத்தொன்பது வருஷமாக என் பக்கத்தில் நின்று பழம் சீவிய சங்வான் அக்கா பெயரும் இருந்தது. என் பெயர் இல்லை. விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து அவர் அறைக்குப் போனேன். முப்பத்தோரு வருஷத்தில் முதல்முறையாக எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். ஐஸ் காபியும் வந்தது.

"உங்க தம்பி போன் பண்ணாருங்க. அக்காவ மட்டும் விட்டுடச் சொன்னாரு. அவ்வளவு பெரிய மனுஷன் சொல்லி நான் தட்ட முடியுமா?"

குங், அந்தக் காபியை நான் தொடவில்லை. மறுபயிற்சி அவ்வளவு நல்லதென்றால் அதை முதலில் உன் அக்காவுக்கு அல்லவா கேட்டிருப்பாய்? அந்தப் பாதை எங்கே போய் முடியும் என்று உனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் என்னை மட்டும் ஓரமாக இழுத்து விட்டுவிட்டு மற்றவர்களைப் போகச் சொன்னாய். நீ எழுதியதை நீயே நம்பவில்லை. அறியாமல் எழுதியிருந்தால் முட்டாள் என்று திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

சங்வான் அக்காவிடம் மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கும் ஒரு போன் பண்ணச் சொல்லேன், லம்துவன். அவனுக்கு நானும்தான் மூக்குத் துடைச்சு விட்டிருக்கேன்."

மறுநாள் பட்டியலின் அடியில் என் பெயரை நானே எழுதி, சீருடையை மடித்துப் பிரசித் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். தியாகம் என்று நினைத்துவிடாதே. பெரிய மனுஷனின் அக்கா என்ற பெயரோடு அங்கே நிற்கக் கூசியது, அவ்வளவுதான்.

உன் மறுபயிற்சியும் நடந்தது. கோயில் மண்டபத்தில் ஒரே ஒரு நாள். போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பொருள் விற்பது எப்படி என்று ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள். சங்வான் அக்கா மிளகாய் விழுது விற்றாள். அதை வாங்கியது பக்கத்து இருக்கையில் இருந்த நான். எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்தார்கள். உன் அடுத்த அறிக்கையில் அந்தப் படம் வரும், பார்.

இப்போது நாங்கள் இருவரும் கடற்கரையில் கணவாய் மீன் உலர்த்தும் இடத்துக்குப் போகிறோம். அரைநாள் வேலை. கணவாயும் முன்போல் அகப்படுவதில்லை, கடல் சூடாகிவிட்டதாம். இருக்கும் வரை புரட்டிப் போடுகிறோம்.

போன வாரம் அடையாள அட்டை புதுப்பிக்கப் போனேன். இயந்திரத்தில் விரல் வைத்தால் ரேகை விழவில்லை. துடைத்து வைக்கச் சொன்னாள் அந்தப் பெண். பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டாள். அன்னாசி என்றேன். அதன் சாறு தோலைத் தின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் அம்மாவுக்கும் அப்படித்தானாம். மேலே ஒன்றும் கேட்காமல் ரேகை இல்லை என்று பதிந்துகொண்டாள்.

அடுத்த மாதம் சொங்க்ரான், நம் புத்தாண்டுப் பண்டிகை வருகிறது. ஏழு வருஷமாக நீ வரவில்லை. இந்த முறை வா. யாரையும் முன்னால் அனுப்பி ஏற்பாடு செய்யாமல், உன் மனைவியோடு பஸ்ஸில் வந்து இறங்கு. மல்லிகை போட்ட தண்ணீரை, மூத்தவர்களுக்கு ஊற்றும் வழக்கப்படி, என் இரண்டு உள்ளங்கையிலும் ஊற்று. ஊற்றும்போது எங்கேயோ பார்க்காமல், குனிந்து கையைப் பார்த்து ஊற்று. அதற்குப் பிறகு ஆசி தருகிறேன். உனக்குத் தராமல் யாருக்கு வைத்திருக்கிறேன்?

என்றும் உன் அக்கா,
லம்துவன்