ஒரு மாதம் இளைய அக்கா

அக்கா,

இன்று தாம்பரம் மேற்கில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் சால்டரிங் கம்பியை வைத்ததும் ஈயம் உருகும் அந்த வாசனை எழுந்தது. பதினான்கு வருடம் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நாம் முகர்ந்த புகை அது. தலைவலிக்கும் என்று அப்போது திட்டுவோம். இன்று ரிப்பேர் முடிந்து போனை வாங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

ரேடியோவுக்குப் பாகம் செய்யும் அந்தக் கம்பெனியில் எனக்கு ஆறு மாதம் முன்பு சேர்ந்தவள் நீ. லைனில் முன்னால் சேர்ந்தவர் அக்கா, பின்னால் சேர்ந்தவர் தங்கச்சி. அங்கே அதுதான் வழக்கம், வயதை யாரும் கேட்பதில்லை. நாம்தான் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். நான் பிறந்தது வைகாசி, நீ அதற்கு அடுத்த ஆனி. சர்டிபிகேட்டில் மட்டும் உனக்கு ஒரு வயது கூட. உன் அம்மா சித்தாள் வேலைக்குப் போக வேண்டியிருந்ததால், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிடலாம் என்று உன் அப்பா ஒரு வருடத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டார். "அப்ப நீதான் எனக்கு அக்கா, காலுல வுழட்டுமா?" என்று கேலி செய்தாய். மறுநாளும் நான் உன்னை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

கம்பெனியை மூடினார்கள். ஒரு நோட்டீஸ், ஒரு பூட்டு, அவ்வளவுதான். மாதக்கணக்கில் அலைந்த பிறகு, வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கம் இலவசப் பயிற்சி தருகிறது என்று நீதான் கேள்விப்பட்டு வந்தாய். மூன்று மாதம், கட்டணம் கிடையாது, கைச்செலவுக்கு உதவித்தொகை, பஸ் பாஸ். தையல், அழகுக்கலை, கம்ப்யூட்டர், மூன்றில் எது வேண்டுமானாலும் எடுக்கலாம். "தையல் மிஷின் வூட்டுக்கு வூடு கீது. கம்ப்யூட்டர் எடுடி, உக்காந்து செய்ற வேலை" என்றாய். நின்று செய்யும் வேலைக்கு உன் கால் ஒத்துக்கொள்ளாது. நரம்பு சுருண்ட கால். அந்தப் பயிற்சி என்னைவிட உனக்குத்தான் தேவை.

வயது வரம்பு முப்பத்தைந்து. எனக்கு முப்பத்தைந்து. உனக்கும் நிஜத்தில் அதுதான், காகிதத்தில் முப்பத்தாறு. ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நீ சர்டிபிகேட் நகலில் பிறந்த வருடத்தின் கடைசி ஆறைப் பேனாவால் எட்டாக்கி, அதை மறுபடி நகல் எடுத்தாய். முப்பத்துநாலு ஆகிவிட்டது. "ஒரு வருசம் எங்கப்பா ஏத்தினது, ரெண்டு வருசம் நான் எறக்கினது. சாமி கண்ண குத்தாது" என்றாய்.

கூடுவாஞ்சேரியில் பெயர்ப்பதிவு. நம் இரண்டு விண்ணப்பமும் அதிகாரியின் மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. உன்னுடையதில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அக்கா, போட்டோ ஒட்டலையே."

அவர் பேனா நின்றது. இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "உங்களுக்கு முப்பத்தஞ்சு, இவங்களுக்கு முப்பத்துநாலு. சின்னவங்கள எதுக்கு அக்கான்றீங்க?"

வேலையில் முன்னால் சேர்ந்தவர் சார் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் என் தாள் அவர் கைக்குக் கீழே இருந்தது. பேசினால் அதுவும் போய்விடுமோ என்று பயந்தேன். பயத்தைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை, அக்கா. நான் தரையைப் பார்த்தேன். அவர் உன்னிடம் ஒரிஜினலைக் கேட்டார். அதில் முப்பத்தாறைப் பார்த்ததும் உன் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் அழுதேன். நீ அழவில்லை. "வுடுடி, பழக்க தோஷம். ஒருத்தியாவது கரையேறு" என்றாய். நான் ஏன் சும்மா இருந்தேன் என்று நீ கேட்கவே இல்லை. ஒருமுறை கேட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பயிற்சி முடிந்ததும் கையில் கொடுத்தது ஒரு காகிதம், வேலையை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். முப்பது பேரில் ஏழெட்டுப் பேருக்குக் கிடைத்தது. எனக்கு ஒரு கிளினிக்கில் பதிவு எழுதும் நாற்காலி. நீ சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போனாய். நாள் முழுக்க ஈரத்தரையில் நிற்கும் வேலை.

கால் புண் ஆறாமல் நீ ஒருநாள் என் கவுன்டருக்கே வந்தாய். வரிசையில் கூட்டம். தலை நிமிராமல் என் வாய் கேட்டது: "பேரு? வயசு?"

"எத வேணா போட்டுக்கோ" என்றாய். சிரித்தபடிதான் சொன்னாய். அன்றைக்கு நான் மத்தியானம் சாப்பிடவில்லை.

அந்தப் புண்தான் உன்னைக் கொண்டுபோனது. உன் வீட்டுக்காரருக்கு எழுத்து வேலை ஓடாது, அதனால் இறப்பைப் பதியும்போது நானும் கூடப் போனேன். வயது என்ன என்று குமாஸ்தா கேட்டார். "நாப்பத்திரண்டு" என்றேன். அவர் ரேஷன் கார்டைப் பார்த்து, "இதுல நாப்பத்துமூணு இருக்கே. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"தங்கச்சி. எனக்கும் நாப்பத்திரண்டுதான் சார். அவங்க வேலைக்கு முன்னாடி சேர்ந்தாங்க, அதனால அக்கா. நிஜமா பாத்தா எனக்கு ஒரு மாசம் சின்னவங்க."

ஏழு வருடமாக வாயிலேயே இருந்த பதில். திக்காமல், தலை குனியாமல் சொன்னேன். அவர் அலுப்போடு, "கார்டுல இருக்கறதத்தாம்மா போட முடியும்" என்று நாற்பத்துமூன்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

உன் சரியான வயது இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. இந்த வைகாசியோடு எனக்கு நாற்பத்துமூன்று முடிந்துவிட்டது, அக்கா. அடுத்த மாதம் உனக்கு.